கன்றுக்குட்டியின் இடது காது

கன்றுக்குட்டி நடந்தது. அதன் மேல் பூசியிருந்த வண்ணம் நடக்கவில்லை.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் எங்கள் அலுவலகத்தின் பார்வை அறையில், ஒரு திங்கட்கிழமைக் காலை, இதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஓர் எருமைக் கன்று மழையில் குளக்கரையோரம் போகிறது. கால்கள் சரியாக எழும்பிச் சரியாக ஊன்றுகின்றன. ஆனால் தூரிகைத் தடங்கள் எல்லாம் திரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அவற்றுக்கு அடியில் கன்று நழுவி நழுவிப் போகிறது. குளியலறைக் கண்ணாடிக் கதவில் தண்ணீர் வழிய, அதற்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுவதைப் பார்ப்பது போல இருந்தது.

ஏசி குளிரில் விரல்கள் விறைத்தன. யாரோ வாங்கி வந்த பழம்பொரி எண்ணெய்க் காகிதத்தோடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மார்த்தா இருந்தார். கடல் கடந்த ஒரு குளிர்நாட்டில், குழந்தைகளுக்கான அந்தப் படப்புத்தகத்தை நீர்வண்ணத்தில் வரைந்தவர் அவர்தான். அவர் சம்மதித்தால்தான் புத்தகம் படமாகும். "கன்றும் ஓவியமும் ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆகாதவை போல இருக்கின்றன" என்றார் மார்த்தா. குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லச் சௌகரியமாக இருந்திருக்கும்.

கட்டம் அணைந்ததும் பக்கத்தில் இருந்த சேகர் என் பக்கம் சாய்ந்தான்.

"இதுக்கு ஒரு வழி இருக்குக்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"போன வாரம் சொன்ன வழி வேற. அது தோத்துப் போச்சுல்லா. இது வேற."

எல்லோரும் கேட்கும் கேள்வி

இந்தத் தொடரின் முந்தின பகுதியில் நான் செய்தித்தாள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து கழக்கூட்டத்துக்கு வந்த கதை சின்னது. எங்கள் நாளிதழின் திருவனந்தபுரம் பக்கம் நிறுத்தப்பட்டது. அதே மாதம் ஒரு கணினிப் பட நிறுவனம், ஒரு படத்தைப் பார்த்ததும் அதில் என்ன கோளாறு என்று இரண்டு வரியில் எழுதத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. கோளாறை இரண்டு வரியில் எழுதுவது தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சேர்ந்துவிட்டேன்.

கணினி ஒரு பொருளை வழுவழுப்பாகக் காட்டக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. கற்றுக்கொண்டு முடித்ததும், வழுவழுப்பாக இருக்கிறதே என்று எல்லோரும் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். கையால் வரைந்தது மாதிரி வேண்டும், ஆனால் கணினியின் வேகத்தில் வேண்டும். அதற்காக எங்கள் நிறுவனத்தில் ஒரு சின்னப் பிரிவு. அதில்தான் நானும் சேகரும்.

சேகருக்கு ஊர் வள்ளியூர். முதலில் அவன் இருந்தது ஃப்ளாட் விற்பவர்களுக்குப் படம் செய்யும் பிரிவில். இன்னும் கட்டாத வீட்டின் ஜன்னலில், இன்னும் வாங்காத திரைச்சீலையைக் காற்றில் ஆட்டுவது அவன் வேலை. திரைச்சீலை ஆட்டிய நேரம் போக மிச்ச நேரத்தில், கணினியை ஓவியனைப் போல வண்ணம் பூச வைக்கும் ஒரு நிரலைத் தானே எழுதினான். அதைக் காட்டித்தான் எங்கள் பிரிவே உண்டாயிற்று.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்பவர்கள் எல்லோரும் அடுத்ததாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கேட்கிறார்கள். ஆட்டோக்காரர் கேட்கிறார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் வாரம் ஒருமுறையாவது, காபியை ஆற்றியபடி கேட்கிறார்.

"கையால வரைஞ்சாப்ல இருக்கணும்னா கையாலேயே வரைஞ்சுடப்படாதோ?"

"ஒரு நிமிஷப் படத்துக்கு எத்தனை சித்திரம் வேணும் தெரியுமா? யார் உக்காந்து வரையறது?"

"அப்போ இத்தனை நாளா நீங்கள்லாம் உக்காந்து என்ன பண்றேள்?"

காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

சேலை கட்டிய கன்று

ஒப்பந்தப்படி மார்த்தாவுக்கு மாதிரிப் படத்தை மூன்று முறை அனுப்பலாம். மூன்றும் தோற்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவதாக நிறுவனத்தை நடத்தும் ஜோஸ் சார் சொல்லிவிட்டார். என்னைப் போன்றவர்களை வேறெங்காவது உட்கார வைப்பார்கள். சேகர் திரும்பவும் திரைச்சீலைக்குப் போக வேண்டும்.

"போக மாட்டேன்க்கா. வள்ளியூர்ல மாமா செல்ஃபோன் கடை வச்சிருக்காவ. டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கிட்டுக் கிடப்பேன். அது வழுவழுன்னு இருந்தா யாரும் திட்ட மாட்டாவ."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

முதல் முறை தோற்றதைத்தான் மேலே சொன்னேன். பிறகு சேகர் தூரிகைத் தடங்களைக் கன்றின் உடம்போடு ஒட்டவைத்தான். இப்போது வண்ணம் கூடவே நடந்தது. அச்சடித்த சேலையைக் கன்றுக்குச் சுற்றிவிட்டது போல இருந்தது. அடுத்து, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வண்ணத்தைப் புதிதாகப் பூச வைத்தான். கன்றின் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. இரண்டையும் நாங்களே தள்ளிவிட்டோம்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. வண்ணம் கன்றோடு நடக்கிறது, நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறுகிறது. அதோடு சேகர் கைத்தவறையும் சேர்த்தான். கோட்டைத் தாண்டி வண்ணம் அங்கங்கே வெளியே போகும். ஓரிடத்தில் திட்டாகத் தேங்கும். கன்றின் இடது காதில், பழுப்பு நிறம் காதை விட்டு மழை வானத்துக்குள் கொஞ்சம் வழிந்திருந்தது. எனக்கு அந்தக் காது பிடித்தது. 'காது நன்று' என்று குறிப்பு எழுதினேன். நான் பாராட்டி எழுதிய குறிப்புகள் அதிகம் கிடையாது.

இரண்டாம் முறையாக அனுப்பினோம்.

"பிளாஸ்டிக் பொம்மை" என்றார் மார்த்தா.

ஒரு நூல் தள்ளி

இங்கே செய்தித்தாள் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வண்ணப் பக்கங்களில் நான்கு மைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக விழ வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சினிமா பக்கத்தில் அப்படி விழவில்லை. நடிகையின் உதடு ஓரிடத்திலும் உதட்டின் சிவப்பு கன்னத்திலுமாக அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. "ஒரு நூல்தான் தள்ளிப் போச்சு" என்றார் அச்சுக்கூட ஃபோர்மன், அச்சுத் தட்டைத் துடைத்தபடி. காலையில் ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த அம்மாவுக்கு ஏதாவது விபத்தா என்று அக்கறையாக விசாரித்தார்.

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மருந்து அட்டையானாலும் சரி.

மார்த்தா பிளாஸ்டிக் என்று சொன்ன மறுநாள், அவருக்குப் போன பிரதியைத் திறந்து அதன் ஓரங்களைப் பார்த்தேன். காது சுத்தமாக இருந்தது. வண்ணம் கோட்டுக்குள் அடக்க ஒடுக்கமாக நின்றது. சேகரின் கணினியில் திறந்தால் அதே காது வானத்துக்குள் வழிந்திருக்கிறது. நகரப் பதிப்பில் ஒரு செய்தி, வெளியூர்ப் பதிப்பில் வேறு செய்தி.

சேகருக்கும் எங்கள் வாடிக்கையாளருக்கும் நடுவில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. சுஜாவின் சரிபார்ப்புப் பிரிவு.

எது பிழை?

சுஜாவுக்கு ஊர் நெய்யாற்றின்கரை. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். அவளும் அவள் பிரிவினரும் மின்பேனாவோடு உட்கார்ந்து, வெளியே போகும் எல்லாப் படங்களையும் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பெரிதாக்கிப் பார்த்து, பிழை இருந்தால் கையாலேயே துடைத்துவிடுவார்கள். என்னோடு அவள் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். திட்டும்போது முழு மலையாளம்.

"சுஜா, இந்தக் காது எப்படி இப்படி ஆச்சு?"

"அதோ? ஞங்ஙள் க்ளீன் செய்து, சேச்சி. வந்தப்போ பார்க்கணும். கலர் எல்லாம் புறத்தே! உங்க சேகரோட ஃபைல்ல எத்ர தெற்றாணு, அம்மே! ஒரு வரி நேரே இல்லா." அவள் முகத்தில் பெருமை.

"அது தப்பு இல்லை. வேணும்னே போட்டது."

"வேணும்னே?"

"கைத்தவறு மாதிரி இருக்கறதுக்காக."

சுஜா கண்ணாடியைக் கழற்றினாள். "சரி. அப்போ தெரியாமப் போட்ட தெற்று ஏது, வேணும்னே போட்ட தெற்று ஏது? ஞான் எங்ஙனே அறியும்?"

நியாயமான கேள்வி. சேகரிடம் போய்க் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லணும்னா அக்கா, அதுல எனக்கே தெரியாம விழுந்த தப்பும் இருக்கு. பாக்க நல்லா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

இன்னொன்றும் தெரியவந்தது. சரிபார்ப்பிலிருந்து திரும்பி வந்த பிரதிகளைப் பார்த்த சேகர், அங்கே துடைக்கிறார்கள் என்று அறியாமல், தன் நிரல் போதுமான அளவு தவறு செய்யவில்லை என்று நினைத்து அதைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். தவறுகள் பெருகுவதைப் பார்த்த சுஜாவின் பிரிவினர் மத்தியானத் தூக்கத்தை உதறிவிட்டு இன்னும் கடுமையாகத் துடைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம், ஒரே மாடி. இடையில் ஒரு காபி இயந்திரம் மட்டும்.

ஜோஸ் சார் எங்களைக் கூப்பிட்டார். நெடுநாள் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவர். எதையும் ஒரு விதியாக எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

"பிழை வேணும்னா வெச்சுக்கலாம்" என்றார். "பக்ஷே அப்ரூவ் செய்த பிழையா இருக்கணும். எத்தனை, எங்கே, எவ்வளவு அகலம். சொல்லிட்டா சுஜா அதைத் தொட மாட்டா."

"சார்" என்றான் சேகர், "இன்ன இடத்துலன்னு முன்னாடியே சொல்லிட்டா அது பிழை இல்ல சார். பொட்டு."

சுஜா சிரித்துவிட்டாள். ஜோஸ் சார் சிரிக்கவில்லை. "அப்போ க்ளீனிங் வழக்கம்போல நடக்கும்" என்று எழுந்துவிட்டார்.

அதாவது, மூன்றாவது முறையும் பிளாஸ்டிக் பொம்மைதான் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிப் போய் அதையே தயார் செய்தோம்.

பணிமுடக்கு

மூன்றாவது முறை அனுப்பும் நாளாக ஒரு புதன்கிழமையை ஜோஸ் சார் மார்த்தாவிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம். இங்கே அதைப் பணிமுடக்கு என்பார்கள். மற்ற ஊர்களில் அது ஒரு செய்தியாக வந்து போகும். இங்கே முந்தின நாளே பால் வாங்கி வைக்க வேண்டும். "ஐ.டி.யை ஒன்னும் செய்ய மாட்டாங்க" என்றார் ஜோஸ் சார்.

முந்தின நாள் பிற்பகல்தான் சுஜாவின் பிரிவுக்கு ஃபைல் போனது. துடைக்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே, பேருந்துகள் சீக்கிரம் நின்றுவிடும் என்று செய்தி பரவியது. மாடியே காலியாயிற்று. மார்த்தாவின் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதி இல்லை. "நாளைக்குக் காலத்தே ஸ்கூட்டர்ல வந்து ஞானே முடிக்கும், சேச்சி" என்று சொல்லிவிட்டுச் சுஜாவும் ஓடினாள்.

புதன்கிழமை காலையில் சேகர் தன் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டான். கிழக்கேகோட்டையில் ஒரு பேருந்துகூட இல்லை. பேருந்துகள் நிற்கும் இடத்தின் எண்ணெய்க் கறைகளை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். காகங்கள் நடுச்சாலையில் நிதானமாக நடந்தன.

சந்திப்பில் கொடி பிடித்த ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "எங்கோட்டா சேட்டா?"

"ஆசுபத்ரீலேக்கு" என்றான் சேகர், கூசாமல்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நோயாளியைப் போல இருக்க முயன்றேன். அந்த மாதத்துக்குப் பிறகு அது கஷ்டமாக இல்லை. வழி விட்டார்.

அவர் தலைக்கு மேல் ஒரு துணிப் பதாகை கட்டியிருந்தது. ஃப்ளெக்ஸுக்குத் தடை வந்த பிறகு துணியில்தான் அச்சடிக்கிறார்கள். எழுத்துகள் தூரிகையால் அவசரமாக எழுதியவை போல இருந்தன. இரண்டாவது எழுத்தின் அடியிலிருந்து சிவப்பு மை ஒரு சொட்டு வழிந்து நின்றது. பாளையத்தில் வேறொரு சங்கத்தின் பதாகை. வேறு நிறம், வேறு கொடி. அங்கும் இரண்டாவது எழுத்தின் அடியில் ஒரு சொட்டு, அதே நீளம். பட்டம் சந்திப்பில் மூன்றாவது சங்கம். அதே சொட்டு. சாலை என்னும் கடைத்தெருவில் எல்லோருக்கும் ஒரே கடை, அந்தக் கடையில் எல்லோருக்கும் ஒரே எழுத்துரு போலும். ஒன்றுக்கொன்று ஆகாத சங்கங்கள் எல்லாம் அன்று ஒன்றாக இருந்தன, சொட்டு உட்பட.

சேகர் வண்டியின் வேகத்தைக் குறைத்து அதை நிமிர்ந்து பார்த்தான். "ஜோஸ் சார் கேக்காருல்லா அக்கா, அப்ரூவ் பண்ணுன பிழை? இதுதான்."

அலுவலகத்தில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. சுஜாவிடமிருந்து அழைப்பு வந்தது. "சேச்சி, உள்ளூர் ஜங்ஷன்ல வண்டியைத் தடஞ்ஞு. டயர்ல காத்தை எறக்கி விட்டுட்டாங்க. நடந்நு வரட்டே?" அங்கிருந்து நடந்தால் நண்பகல் தாண்டிவிடும். வேண்டாம் என்றேன்.

அவள் பிரிவின் கணினிகளுக்குள் நாங்கள் நுழைய முடியாது. நண்பகலில் அங்கே எந்த ஃபைல் இருக்கிறதோ, அது தானாகவே மார்த்தாவுக்குப் போய்விடும். இடையில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஜோஸ் சார் செய்த ஏற்பாடு. அவரைத் தொலைபேசியில் பிடித்தோம். வீட்டில் இருந்தார். ஏற்பாட்டை நிறுத்தச் சுஜாவால்தான் முடியும், அதுவும் அவள் கணினியில் உட்கார்ந்தால்தான் என்றார்.

நண்பகலில் ஃபைல் போயிற்று. போன பிரதியை நாங்கள் இருவரும் திறந்து பார்த்தோம். சில இடங்கள் சுத்தம். சில இடங்களில் சேகரின் தவறு அப்படியே. இடது காதில் யாரோ வழிந்த வண்ணத்தைத் துடைக்க ஆரம்பித்து, பேருந்தைப் பிடிக்க எழுந்து போயிருந்தார்கள். வானத்தில் ஒரு மங்கிய இழுப்பு மிஞ்சியிருந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்றான் சேகர். "என் தப்பும் முழுசா இல்ல, அவங்க சுத்தமும் முழுசா இல்ல."

திரும்பி வரும்போது அவன் பதாகைகளைப் பார்க்கவில்லை.

மார்த்தா கண்டது

மறுநாள் பார்வை அறையில் எல்லோரும் இருந்தோம். சுஜாவும் வந்திருந்தாள், தலை குனிந்தபடி. மார்த்தா படத்தை ஓடவிட்டார். நிறுத்தினார். பின்னால் போனார். காதைப் பெரிதாக்கினார். மறுபடி பின்னால் போனார். ஜோஸ் சார் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"இதை வரைந்தவர் யார்?" என்றார் மார்த்தா.

ஜோஸ் சார் சுஜாவைப் பார்த்தார், சுஜா சேகரைப் பார்த்தாள்.

"வண்ணம் கோட்டைத் தாண்டிவிட்டதை அவர் கவனித்திருக்கிறார். துடைக்கப் பார்த்திருக்கிறார். முழுதாகப் போகவில்லை. சரி, போகட்டும் என்று அடுத்ததற்குப் போய்விட்டார். புத்தகத்துக்கு வரையும்போது நானும் இதையேதான் செய்தேன்." சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அப்போதுதான். "முதல் முறையாக இதில் ஒரு கை தெரிகிறது. முழுப் படத்தையும் இப்படியே செய்யுங்கள்."

சேகர் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து நசுக்கினான். வள்ளியூருக்குப் போக வேண்டியதில்லை.

தவறு செய்யத் தெரிந்த இயந்திரத்தை அவன் எப்போதோ செய்துவிட்டான். செய்த தவறுக்காகச் சங்கடப்படும் ஆட்கள் காபி இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை, நான் உட்பட.

ஜோஸ் சார் அன்று மாலையே விதி எழுதிவிட்டார். இனி எல்லாவற்றிலும் பாதி மட்டும் துடைக்க வேண்டும். செய்து பார்த்தோம். பாதி என்றால் கணக்காகப் பாதியில் எல்லோரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். மார்த்தா திருப்பி அனுப்பினார். 'இதைத் துடைத்தவருக்கு முடிக்கும் எண்ணமே இல்லை' என்று எழுதியிருந்தார்.

சுஜா அன்றைக்கு முழு மலையாளத்தில் பேசினாள். பாதி வேலை செய்வதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கொஞ்ச நேரம் கழித்து என் இடத்துக்கு வந்தாள்.

"சேச்சி, ஞங்ஙள் முழுசாத்தான் செய்யும். நீங்க எப்போ வேணும்னாலும் வந்து எடுத்துக்கோங்க. பக்ஷே எப்போ வருவீங்கன்னு எங்ககிட்டே சொல்லக் கூடாது."

அதுதான் இப்போது என் வேலை. ஒருநாள் காலையிலேயே போவேன், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில். நான் உள்ளே நுழைந்ததும் நாற்காலிகள் நெளியும். சுஜா நிமிராமலே கையை உயர்த்துவாள்.

"ஒரு மினிட், சேச்சி. இந்தச் செவியையும் நேரே ஆக்கட்டே."

"நேரம் இல்லை, சுஜா."

அவள் பேனா வானத்தின் நடுவில் இருக்கும்போதே ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கதவு வரைக்கும் என் முதுகில் அவள் பார்வை சுடும். ஏற்பாடு அவளுடையதுதான், ஒவ்வொரு நாளும் அது அவளுக்குத் தெரியும். இருந்தும் அந்தக் கோபம் நடிப்பு அல்ல. நடிப்பாக இருந்தால் மார்த்தா கண்டுபிடித்துவிடுவார்.